ஆட்டின் வாயிலிருந்து திண்டிவனம் வரை

காலாண்டு விடுமுறையில் ஊட்டிக்குப் போனவர்கள் ஊட்டியைப் பற்றி எழுதட்டும். நான் போனது முகையூருக்கு. காரணம், மெட்ராஸில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்யும் என் அக்கா கலா. அவள் தேடுவது நுண்ணுயிரை. போவது என் உயிர். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கைத் தூக்குவது நான்தானே.

விஷயம் இதுதான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். அதற்குள் குடியிருக்கும் கிருமி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக ஊட்டுகிறது. யூரியாவையே பார்க்காத நிலத்துக் கிருமிதான் அக்காவுக்கு வேண்டும். எடுத்த முடிச்சை அன்றே திண்டிவனம் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். தவறினால் நிலத்தில் அடுத்த பட்டம் வரும்வரை அக்காவின் பட்டமும் தள்ளிப்போகும்.

காலை எட்டு மணிக்கு விழுப்புரத்தில் பேருந்து ஏறினோம். முகையூர் ஒரு மணி நேரப் பயணம். முதுகெலும்புக்கு அது மூன்று மணி நேரம்.

நிலத்துக்காரர் ஏழுமலை அண்ணன், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் தாம்பாளத்தில் செடிகளை வைத்திருந்தார். வேர்கள் பளபளவென்று இருந்தன.

“நேத்தே புடுங்கிக் கழுவி, வேருல இருந்த கொப்புளத்தையெல்லாம் ஒண்ணுவுடாம கிள்ளிட்டேன் பாப்பா. மெட்ராஸ்லேந்து வர்றீங்க, நோவு புடிச்ச செடியையா காட்டுறது?”

அக்கா தலையில் கைவைத்தாள். “அந்தக் கொப்புளந்தாண்ணா எனக்கு வேணும்! எங்க போட்டீங்க?”

“கோழிக்கு.”

அந்தக் கொப்புளம் செய்யும் வேலையை அக்கா விளக்கினாள். அண்ணன் வாயைப் பிளந்தார். “அப்ப யூரியா மூட்டையைக் கிள்ளிக் கோழிக்குப் போட்டுட்டேனா?”

மற்ற செடிகளெல்லாம் அறுவடையாகி வெயிலில் காய்ந்து கிடந்தன, காய்ந்தது உதவாது. மதியம் இரண்டு மணி வரை நான் வரப்போரம் சுற்றினேன். வாய்க்கால் ஈரத்தில் சிதறிய விதையிலிருந்து தானாக முளைத்த ஒரே ஒரு செடி இருந்தது. அதன் மறுமுனையில் ஓர் ஆடு இருந்தது.

“ஜல்தியா புடி தம்பி, முழுங்கிடப் போவுது!” என்று கத்தினார் ஏழுமலையின் மனைவி அஞ்சலை.

நான் கொம்பைப் பிடித்தேன். அண்ணன் செடியை இழுத்தார்.

“இலை போனாப் போவட்டும், வேரை வுட்டுடாதீங்க!” என்றாள் அக்கா.

ஆட்டுக்கு இலை, எங்களுக்கு வேர் என்று பாகம் பிரிந்தது. ஒரு முடிச்சை பிளேடால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு. “உயிரோட இருக்குது!” என்று என் முதுகில் ஓர் அறை வைத்தாள். அது அன்பாம்.

விழுப்புரம் திரும்பி, சோடாக் கடையில் புது ஐஸ் வாங்கி, திண்டிவனம் பேருந்தில் ஏறினோம். கூட்டேரிப்பட்டில் டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். மணி நான்கைத் தாண்டியது. அக்கா நகம் கடித்தாள். நான் ஜன்னலில் தலையை நீட்டினேன்.

“அண்ணே, ஃபிளாஸ்க்குல கிருமி இருக்குது! ஐஸ் கரையறதுக்குள்ள வண்டிய எடுங்க!”

பொய் ஒன்றும் இல்லையே. ஆனாலும் எங்களைச் சுற்றி நான்கு சீட்டு காலியானது. டிரைவர் பாதி டீயோடு ஓடிவந்தார். “மொதல்ல இந்தப் பேஜாரை எறக்கிவுடணும்டா சாமி!” திண்டிவனம் வரை வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

பூட்டும் சாவியுமாக நின்ற பேராசிரியர் ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்த்தார். “செடியில ஓர் இலைகூட இல்லையேம்மா?”

“இலையைக் கொடுத்துத்தான் சார் வேரை வாங்கினோம்.”

ஒரு வாரத்தில் ஆய்வுக்கூடத் தட்டில் அந்தக் கிருமி வெள்ளைப் புள்ளிகளாக முளைத்தது. அக்காவின் பட்டம் தப்பியது.

நீங்களும் வேர் சேகரிக்கப் போனால் இரண்டு ஃபிளாஸ்க் எடுத்துப்போங்கள்; ஒன்று குடிக்க. முக்கியமாக, நிலத்துக்காரருக்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்: மண்ணோடு, அழுக்கோடு, கொப்புளத்தோடு வேண்டும். இல்லையென்றால் எங்கள் பக்கத்து மரியாதையில் உங்கள் ஆராய்ச்சியையே கழுவி வைத்துவிடுவார்கள்.