யூஸ்டைனின் உதட்டுக்கு முந்திய குரல்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரையும் கெஞ்சி நம்ப வைக்கும் பொறுமை எனக்கு இல்லை. இது நடந்தது. எனக்கே நடந்தது.

குளிர்காலத்தில் சூரியனே உதிக்காத எங்கள் வர்டோ ஊரில், யூஸ்டைன் ஓட்டிப்போன மீன்பிடிப் படகு மூழ்கியது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. படகு முதலாளி பீர்கர் விசாரணையில் என்ன சொன்னான் தெரியுமா? "குடிச்சிருப்பான். பம்ப் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

யூஸ்டைனின் மனைவி ஒட்னியிடம் ஒரு வீடியோ கேசட் இருந்தது. கடைசியாகக் கடலுக்குப் போகும் முன், படகுக்குள் புகும் தண்ணீரை இறைக்கும் பம்ப் கெட்டுவிட்டது என்று அவர் சமையலறையில் உட்கார்ந்து புலம்பியதை அவளே எடுத்தது. எனக்கு வீடியோ எடிட்டிங் தொழில். கேசட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். பீர்கரின் வக்கீல் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஒட்டுவேலை." விசாரணையில் அதை ஆதாரமாக ஏற்காமல் தள்ளிவிட்டார்கள். சரிசெய்து கொண்டுவர மறுநாள் காலை வரைதான் எங்களுக்கு அவகாசம்.

"புருஷனத்தான் தொலைச்சேன். அவர் பேரையும் தொலைக்கணுமா? இந்தத் தடவையாவது சரியா பண்ணுடி, டூர்டிஸ்," என்றாள் ஒட்னி.

மதியம் 2.10. நவம்பர் கடைசி, வெளியே கும்மிருட்டு. கேசட்டை மறுபடி ஓடவிட்டேன். குரல் உதட்டுக்கு அரை வினாடி முந்தியது. ஏற்றும்போது நடுவே ஒலியில் சில துண்டுகள் விட்டுப்போனால் இப்படி ஆகும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். இப்போது ஒரு வினாடி முந்தியது.

"சனியனே!" மேசையை ஓங்கி அறைந்தேன்.

2.40. யூஸ்டைன் காபிக் கோப்பையை மேசையில் வைக்கும் இடம். அந்த 'டொக்' சத்தத்தைப் பிடித்தால் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். 'டொக்' வரவில்லை. அதற்குப் பதிலாக... சளக்... சளக்...

தண்ணீர்.

சமையலறையில் எங்கிருந்து வந்தது தண்ணீர்?

ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன். யூஸ்டைன் குரல். மூச்சு வாங்கியது.

"பீர்கர், பம்ப் நின்னுபோச்சு. திரும்பட்டுமா?"

இன்னொரு குரல். "மீனில்லாம திரும்பினா, உனக்கு வேலை கிடையாது."

படத்தில் யூஸ்டைன் வாயே திறக்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெல்ல நிமிர்ந்தார்...

என்னைப் பார்த்தார்.

"திரும்பட்டுமா?"

உதடும் குரலும்... இம்மி பிசகவில்லை.

மறுநாள் விசாரணையில் அதை அப்படியே ஓடவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட பீர்கர்மேல் இருந்த ஆத்திரம் பெரிது.

அவன் முகம் வெளுத்தது. துள்ளி எழுந்தான். "இது எப்படி இதுல வந்துச்சு? போன்ல நாங்க ரெண்டு பேர் மட்டும்தானே பேசினோம்!"

வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பேசின வாயை இனி மூடி என்ன பயன்?

"அப்போ பேசியிருக்கே," என்றாள் ஒட்னி. "அவர் கேட்டிருக்காரு. நீதான் விடல. படுபாவி!"

யூஸ்டைன் பேரில் இருந்த பழி அன்றே நீங்கியது. அசல் கேசட்டையும் அதை எடுத்த கேமராவையும் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, சோதித்தவர் எனக்குப் போன் செய்தார். எரிச்சலாகப் பேசினார்.

"எங்களோட விளையாடுறீங்களா? அந்தக் கேமராவுல மைக் வேலையே செய்யல. கேசட்டுல படம் மட்டும்தான் இருக்கு. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு சத்தம்கூடப் பதிவாகல."