எண் மட்டும் ஒட்டியிருந்த டப்பா

போன வருடம் ஆனி மாதம், ஆரணியில் நடந்தது இது. நான் லேப் டெக்னீஷியன். வேலை வேலூரில்தான். ஆரணிக் கிளையில் இருந்த பெண் திடீரென்று லீவு போட்டுவிட, "உங்க ஊர்ப் பக்கம்தானே, ஒரு நாள் பார்த்துக்கோ" என்று என்னை அனுப்பிவிட்டார்கள். முள்ளிப்பட்டில் எங்கள் வீடு. அம்மா, பட்டு நெய்யும் அண்ணன், அண்ணி, நான்.

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அண்ணிக்குக் குழந்தை இல்லை. அம்மா குத்திப் பேசாத நாளில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? அதற்கு முந்தின வாரம்தான், சித்தி மகளின் வளைகாப்பில் அண்ணி வளையல் போட வந்தபோது, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணி, யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க" என்று தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் நான் சயின்ஸ் படித்தவள்!

அன்று பதினோரு மணிக்கு விந்துப் பரிசோதனைக்கு ஒரு டப்பா வந்தது. குழந்தைப்பேறு டாக்டரம்மா அனுப்பும் இந்த மாதிரி கேஸ்களுக்குப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விந்தணுவின் தலை முட்டை வடிவத்தில் இருக்க வேண்டும். இதில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாமே உருண்டை. புத்தகத்தில் படித்ததோடு சரி, கண்ணால் பார்த்ததேயில்லை. டாக்டரம்மாவுக்கே போன் போட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். விந்தணு உருவாகும்போது முதலில் உருண்டைச் செல்லாகத்தான் இருக்குமாம். அதன் உட்கருவுக்குள் நுழையக் குட்டிக் குட்டி வாசல்கள் உண்டு. உரிய நேரத்தில் சில புரதங்கள் அந்த வாசல் வழியாக உள்ளே போய், டி.என்.ஏ.வை இறுக்கிச் சுருட்ட வேண்டும். தலை ஒடுங்கி வடிவம் பெறுவது அப்போதுதான். இந்த வேலையில் எங்காவது கோளாறு வந்தால், தலை உருண்டையாகவே நின்றுவிடலாம்; அப்படிப்பட்ட விந்தணுவால் தானாகக் கருமுட்டைக்குள் நுழைய முடியாது. பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. "அவர் மேல தப்பே இல்லம்மா. விந்தணுவ கருமுட்டைக்குள்ள ஊசி மூலமா செலுத்திப் பார்க்கலாம், நம்பிக்கை இருக்கு" என்றார். யாரோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே ரிப்போர்ட்டை எழுதிவைத்தேன்.

சாயந்தரம் எண் எழுதிய சீட்டை ஒரு கை நீட்டியது. நிமிர்ந்து பார்த்தால், எங்கள் அண்ணி!

அண்ணி சட்டென்று சீட்டைப் பின்னுக்கு இழுத்தார். "நீ வேலூர்லதான இருப்ப?" என்றவர், என்னை ஓரமாக இழுத்துப்போனார். "எல்லாம் உருண்டையா இருக்குதுன்னுதான எழுதியிருக்க? மூணு வருசமா இதேதான் வருது. வெளிய தெரிஞ்சா செத்துடுவேன்னு உங்க அண்ணன் அழுதாரு. நானும் வாய மூடிகினு இருந்துட்டேன். நீயும் சொல்லிடாதம்மா."

மூன்று வருடம்! அம்மாவின் ஏச்சு, ஊராரின் பேச்சு, வளைகாப்பில் நான் செய்த காரியம், எல்லாவற்றையும் தெரிந்தே தாங்கிக்கொண்டிருக்கிறார். ரிப்போர்ட்டை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா கையில் ஒரு ஜாதகம். அண்ணனுக்கு இரண்டாம் கல்யாணத்துக்குத் தெள்ளார் பெண்ணாம். "இவள அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு ஜல்தியா முடிச்சிடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி தலைகுனிந்து நின்றார். ரிப்போர்ட்டைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் பொறுக்க முடியவில்லை. "முதல்ல அண்ணனையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னியாம்மா?" என்று கத்திவிட்டேன்.

"என் புள்ளைக்கு இன்னாடி குறை?" என்று அம்மா பாய்ந்தாள்.

தறிச் சத்தம் நின்றது. அண்ணன் எழுந்து வந்தார். "குறை எங்கிட்டதாம்மா. அவகிட்ட ஒண்ணுமில்ல" என்றார். அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

சமையலறையில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அத்தைக்குத் தெரியாது, விடு. நீ படிச்ச பொண்ணு. உங்கண்ணனுக்கு டெஸ்ட் எடுத்தீங்களான்னு நீயாச்சும் ஒரு நாள் கேப்பன்னு பாத்துகினே இருந்தேன்" என்றார்.

இப்போது இருவரும் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போய்வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முன்பின் தெரியாதவர்களின் அணுக்களையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தவளுக்கு, ஒரே வீட்டில் இருந்தவரின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லையே என்ற வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.