சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரல்

ஆம், நான்தான்! தம்பி குழந்தையின் வாயில் எச்சில் விரலை வைத்தவள் நான். தெரிந்தே வைத்தேன். பழியை வேறொருத்தி மேல் விழவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக வாய் திறக்கவில்லை.

அழுது உங்கள் காலில் விழுவேன் என்று காத்திருக்காதீர்கள். கேளுங்கள், அவ்வளவுதான்.

என் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபோது, தம்பி குமார் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். அதை என் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். டாக்டர் அப்போதே சொன்னார்: "உதட்டுல கொப்புளம் கொண்டுவர்ற வைரஸ் நிறையப் பேர் உடம்புல சும்மா இருக்கும்மா. உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி, அதனால அடிக்கடி எச்சில்ல வெளிய வரும். புண்ணே இல்லன்னாலும் வரும். கைக்குழந்தைங்ககிட்ட ஜாக்கிரதை."

வீட்டில் அதைச் சொன்னேனா? இல்லை! ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். எனக்குத் தொற்று வரக்கூடாதென்றுதான் முதலில் வைத்தார்கள். போகப் போக, அந்த டம்ளரைத் தொடவே முகம் சுளித்தார்கள்... "இனிமேல் அதெல்லாம் வேண்டாமென்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்று பொய் சொல்லி அதை ஒழித்துக்கட்டினேன். மனுஷியாக வாழ ஆசைப்பட்டதற்கு இன்றும் நான் வெட்கப்படவில்லை.

குமாருக்கு மகன் பிறந்தான். எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அத்தைதான் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பாள். வைப்பவளின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். நர்ஸ் வெளியே போன நேரம் பார்த்து வார்டிலேயே கிண்ணத்தை நீட்டினான் தம்பி.

"நீ வைக்கா. எமனையே திருப்பி அனுப்புனவ நீ. அந்தத் திமிரு புள்ளைக்கு வரட்டும்."

பாவு பிணைப்பது என் தொழில். தறியில் முடிந்துபோன பாவின் இழைகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டால் பட்டு வழுக்காது. நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டே இருப்பேன். அன்றும் விரல் தானாக நாக்குக்குப் போனது, பிறகு கிண்ணத்துக்கு, பிறகு குழந்தையின் உதட்டுக்கு...

முதல் முறை பழக்கதோஷம். ஒப்புக்கொள்கிறீர்களா? ஆனால் மூன்று முறை வைக்க வேண்டுமே! இரண்டாவது முறைக்கு முன்பே எனக்கு உறைத்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று கேட்டிருப்பார்கள். மறுபடி என்னை ஒதுக்கி வைத்திருப்பார்கள். மீதி இரண்டு முறையும் வைத்தேன்... சிரித்துக்கொண்டே வைத்தேன்!

பத்தாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. உதட்டோரம் நீர்க்கொப்புளம், பிறகு காய்ச்சல், பிறகு வலிப்பு. யாருடைய எச்சிலிலிருந்தாவது வந்திருக்கலாம் என்றார்கள் மருத்துவமனையில். குமார் சட்டென்று தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தான். மகளின் பிரசவத்துக்காக முசரவாக்கத்திலிருந்து வந்திருந்த மல்லிகாவின் உதட்டில் அப்போது ஒரு புண் இருந்தது.

"அந்த வாயை வச்சிக்கினு புள்ளைய எதுக்குக் கொஞ்சினீங்க?" என்று கத்தினான்.

"நான் முத்தமே குடுக்கலப்பா... சத்தியமா குடுக்கல."

என் பக்கம் யாரும் திரும்பவில்லை. என் வாயில்தான் புண் இல்லையே!

ஒருவேளை அவளிடமிருந்தே வந்ததோ? இருக்கலாம். வேறு யாரிடமிருந்தோ? அதுவும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். உண்மையைச் சொன்னால் தம்பி என்னை எப்படிப் பார்ப்பான்? தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவன்... மாட்டேன்! அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. கோழை என்பீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள்.

குழந்தை பிழைத்துக்கொண்டான். வலிப்புக்கு இன்னும் மருந்து குடிக்கிறான். நடை தாமதமாகத்தான் வந்தது.

போன மாதம் அவனுக்கு இரண்டு வயது நிறைந்தது. மல்லிகா வந்து வாசலோரமே நின்றாள். அவன் தள்ளாடித் தள்ளாடி அவளை நோக்கிப் போனான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"நீ தூக்கிக்கம்மா. என் வாய் புள்ளைக்கு ஆகாது."

தூக்கிக்கொண்டேன்.