சூரியநெல்லிக்குப் போன பீரோ

விவாகரத்துக்குப் பிறகு எனக்குச் சூரியநெல்லிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. கொல்லங்கோட்டிலிருந்து என் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கியவர் என் முன்னாள் கணவர். இதைச் சொன்னால் கேட்பவர்களின் முகம் ஒரு மாதிரி போகிறது. போகட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவரிடம் பிக்கப் வண்டி இருந்தது. என் சீர்ப் பீரோவும் அவர் வீட்டில் இருந்தது. "பீரோவ ஏத்திக்கிட்டு, அப்படியே உங்க அம்மா ஊட்டுக்கு வந்து மத்த சாமானையும் ஏத்திக்கறனுங்க" என்று அவரே போன் செய்தார். குடும்பம் நடத்திய காலமெல்லாம் 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர், கோர்ட்டை விட்டு வெளியே வந்ததிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறார். கல்யாணத்தில் கிடைக்காத மரியாதை விவாகரத்தில் கிடைத்தது.

ஆனாலும் அந்த வண்டியில் ஏற எனக்குப் பயம். கோபித்துக்கொண்டு இரண்டு தடவை அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் அதில்தான் திரும்ப ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோபித்துக்கொண்டு வரும் பெண்ணை எல்லாச் சாமானையும் எடுத்துவர விடமாட்டார்கள். "ஒண்ணு ரெண்டு அங்கயே கெடக்கட்டும்" என்பார்கள். முதல் தடவை கிரைண்டர் கிடந்தது, அடுத்த தடவை பீரோ. பிறகு பெரியவர்கள் வந்து உட்கார்ந்து, "பீரோ அங்க நிக்குது, நீ இங்க இருக்கற, நல்லாவா இருக்குது?" என்று ஆரம்பிப்பார்கள். பீரோவுக்குத் துணையாக நானும் போய்ச் சேருவேன். மூன்றாம் தடவை ஒரேயடியாக நான் வந்து, வழக்கும் முடிந்த பிறகுகூட பீரோ மட்டும் அங்கேயே நின்றது.

காலையில் கிளம்பினோம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலை. உடுமலையில் சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்த பிறகும் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "சாப்புடுங்க, ஆறிப்போயிரும்" என்றார். அவர் முதலில் கை வைக்கட்டும் என்று நான் காத்திருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் மேலேயே எரிச்சல் வந்தது. பொரியல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சின்னார் செக்போஸ்ட்டில் காவலர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஃபாமிலியாணோ?" என்று கேட்டார். குடும்பமா என்றால் என்ன சொல்வது?

"ஒரே ஊரு சாரே" என்றார் இவர். பொய்யும் இல்லை, வம்பும் இல்லை. சேர்ந்து வாழ்ந்தபோது இந்தச் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

மறையூர் தாண்டிய வளைவுகளில் அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "அங்க குளுருங்களே, தனியா இருந்துக்குவீங்களா?" என்றார்.

"இருந்துக்குவனுங்க" என்றேன். அதற்கு மேல் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று மூணாறு வரும்வரை எனக்குப் பயம்தான். அவர் கேட்கவில்லை.

நான் வாடகைக்குப் பிடித்திருந்தது தேயிலைக்கு நடுவே இரண்டு அறை கொண்ட வீடு. மற்ற சாமானெல்லாம் சுலபமாக உள்ளே போய்விட்டது. பீரோ போகவில்லை. பாதி நுழைந்ததும் திறந்திருந்த கதவில் முட்டிக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. பக்கத்து வீட்டிலிருந்த வீட்டுக்கார அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"நுழையாது தாயி. இங்க வாசலெல்லாம் குறுக்கமாத்தான் வச்சிருக்கான். வந்த வண்டியிலயே திருப்பி அனுப்பிரு, பொறவு பாத்துக்கலாம்."

என் முன்னாள் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வேணுமுன்னா அங்க ஊட்லயே வெச்சுக்கறனுங்க. எப்ப வேணுமுன்னாலும் வந்து எடுத்துக்கலாம்" என்றார்.

அவர் சூதாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரியும். பீரோ திரும்பிப் போனால் அதன் பின்னால் போன் வரும், பெரியவர்கள் வருவார்கள், ஒரு லீவில் நானும் போய் நிற்பேன். இவ்வளவு மலை ஏறி வந்தது வீணாகிவிடும்.

"வேண்டாமுங்க!" கத்தியே விட்டேன். "உள்ள போகலீன்னா இந்த வாசல்லயே நனையட்டும். துருப்பிடிச்சுச் சாகட்டும். திரும்பி மட்டும் வரக்கூடாது."

வீட்டுக்கார அம்மா மெல்ல நகர்ந்துவிட்டார். நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்லும் மனிதர் அன்று நேரே வண்டிக்குப் போய் ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து, மண்டியிட்டு, வீட்டுக் கதவையே கழற்ற ஆரம்பித்தார். கீலெல்லாம் துருவேறி இருந்தது. முனகிக்கொண்டே கழற்றினார். கதவைச் சுவரில் சாத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் பீரோவைப் பிடித்தோம். சாய்த்து, திருப்பி, இன்னும் கொஞ்சம் சாய்த்தோம். பச்சைப் பெயின்ட் ஒரு கீற்று உரிந்தது. பீரோ உள்ளே வந்துவிட்டது. எனக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. அவரும் சிரித்தார்.

கதவை மறுபடி மாட்டி, இரண்டு மூன்று தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு படியிறங்கி வெளியே நின்றுகொண்டு, "உள்ள இருந்து தாப்பாளப் போட்டுப் பாருங்க" என்றார்.

சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

"சரியா உளுகுதுங்களா?"

"உளுகுதுங்க."

"அப்பக் கெளம்பறனுங்க. அங்க இனி உங்குளுது ஒண்ணுமில்லீங்க."

எங்கள் ஊரில் எதிரியிடம்கூட 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லித்தான் கிளம்புவார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. அதற்காக அவரிடம் எனக்கு எவ்வளவு நன்றி வந்தது என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. "சரிங்க" என்றேன், கதவைத் திறக்காமலே. வண்டி கிளம்பி, வளைவில் இறங்கி, சத்தம் ஓயும்வரை தாழ்ப்பாளின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.