அக்காவைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்த நாள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள். முப்பது வருடம் சூலூர்–கோவை பேருந்தில் நடத்துநராக இருந்தவன் நான். எனக்குக் கத்திப் பேசத்தான் வரும். எழுதியதில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது, தங்கைக்கு ஆறு. அப்பா அதற்குப் பிறகு வீட்டில் பேருக்குத்தான் இருந்தார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நூல் மில்லுக்குப் போனார். காலை ஷிப்டு என்றால், எங்கள் இருவருக்கும் சோறாக்கித் தூக்குப்போசியில் போட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பிக்கு ஒரு வேலையாகட்டுமுங்க" என்றார். எனக்கு வேலை கிடைத்ததும், "தங்கச்சிக்கு முடியட்டுமுங்க" என்றார். தங்கைக்கு முடிந்தபோது கேட்டு வர ஆள் இல்லை. நாங்களும் போய் யாரையும் கேட்கவில்லை. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மில்லிலிருந்து நின்றபின், ஒரு மாதம் சூலூரில் என் வீடு, ஒரு மாதம் சோமனூரில் தங்கை வீடு என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். ஒருமுறை தங்கை வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவர், முதல் தேதியானதும் பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏனுங்க அண்ணி, இந்த ஒடம்போட வரோணுமா?" என்று என் மனைவி கடிந்துகொண்டாள். "இது உம்பட மாசம் அம்மணி. வராம இருந்தா நீ ஏதாச்சும் நெனச்சுக்குவே" என்றார் அக்கா. யாருக்கும் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

அந்தக் கண்டிப்புதான் ஒருநாள் வினையாகிவிட்டது. என் மகள் கல்யாணம் முடிந்த கையோடு, இரண்டு குடும்பமும் இரண்டு வேனில் கோயில் சுற்றுலா போனோம். பழனி, மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று எட்டு நாள். வேனிலும் அக்கா முறை வைத்துக்கொண்டார். ஓர் ஊர் வரைக்கும் என் வேன், அடுத்த ஊர் வரைக்கும் தங்கை வேன். எந்த வண்டியில் எப்போது ஏறுவார் என்று அவருக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் மதியம் பார்க்க வேண்டிய கோயிலெல்லாம் முடிந்திருந்தது. எல்லாருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. "ஒரு பீச்சுல ஆற அமர இருந்துட்டுப் போலாமுங்க" என்று ஓட்டுநர்தான் சொன்னார். கன்னியாகுமரியைத் தாண்டி ஒரு சின்னக் கடற்கரை, கூட்டமே இல்லை. ராமேஸ்வரத்திலும் திருச்செந்தூரிலும் கூட்டத்தில் அவசரமாக ஒரு முழுக்குப் போட்டதோடு சரி. வாய்க்காலிலும் கிணற்றிலும் குளித்து வளர்ந்த எங்களுக்கு ஆளில்லாத கடலைக் கண்டதும் வயசு மறந்துவிட்டது. உடுத்திய துணியோடு இறங்கினோம். அக்கா மட்டும் ஜமக்காளத்தை விரித்து, பைகள், செல்போன்கள், செருப்புகள் எல்லாவற்றையும் பக்கத்தில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, காலையாவது நனைச்சுட்டுப் போங்க" என்று தங்கை கூப்பிட்டாள்.

"சாமானெல்லாம் கெடக்குது கண்ணு. நீங்க ஆடுங்க, நான் பாத்துக்கறேன்."

இரண்டு மணி நேரம் ஆடினோம். 'நான் உட்காருகிறேன், நீங்கள் போங்கள்' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எட்டு நாளும் எங்கள் பைகளுக்குக் காவல் அக்காதான். அது எங்களுக்குப் பழகிப் போயிருந்தது.

கிளம்பும்போது அக்கா ஜமக்காளத்தை உதறி மடித்துக் கொடுத்தார், பைகளை எடுத்துக் கொடுத்தார், அப்புறம் கழிப்பறைக்குப் போனார். தங்கை வேனில் ஏறியிருப்பார் என்று நான் நினைத்தேன். என் வேனில் ஏறியிருப்பார் என்று தங்கை நினைத்தாள். இரண்டு வண்டியும் புறப்பட்டுவிட்டன. அக்காவின் செல்போன் வண்டியில் இருந்த பைக்குள் கிடந்தது. காலமெல்லாம் பேருந்தில் தலை எண்ணிப் பிழைத்தவன் நான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். டீக்கடையில் நிறுத்தினோம்.

"அண்ணா, அக்கா எறங்கலியா?" என்றாள் தங்கை.

"உன்ற வண்டியில இல்லியா?" என்றேன்.

அவள் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஒரு வண்டியில் திரும்பினேன். அக்காவுக்கு யார் நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது. எங்கேயாவது அழுதுகொண்டு நிற்பார், என்னைக் கண்டதும் கன்னத்தில் ஒன்று வைப்பார் என்று நினைத்துக்கொண்டே போனேன். வைத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

அக்கா கடலுக்குள் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர். சேலை முழுக்க நனைந்து, கொண்டை அவிழ்ந்து கிடந்தது. அலை வரும்போதெல்லாம் ஒரு குதி குதித்தார். சுண்டல் விற்கும் அம்மா ஒருவர் கூடையைக் கரையில் வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சிரிக்கும் சத்தம் மேட்டில் நின்ற எனக்குக் கேட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் கூடவே இருந்திருக்கிறேன், அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுக்குள்ள வந்துட்டியா கண்ணு?" என்றார். உடனே முந்தானையைப் பிழிந்துகொண்டே கரையேறி வந்து, "சக்கரை மாத்தர போட்டயா? ஏதாச்சும் சாப்புட்டயா?" என்று கேட்டார்.

அதன்பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்போம். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். இன்னொரு தரம் கடலுக்குப் போகலாம் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் கூட்டிப் போகவில்லை. போன வருடம் மூச்சுத் திணறல் வந்து கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோராவது நாள் காலையில், "நீ ஊட்டுக்குப் போய்த் தண்ணி வாத்துட்டு வா கண்ணு, நான் இருந்துக்கறேன்" என்றார். குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்போதும் அக்கா தனியாகத்தான் இருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஓடியாடி உதவிய செவிலியர்களுக்கும், சேதி கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு வந்த மில் தோழிகளுக்கும், பவானி கூடுதுறையில் காரியம் முடியும் வரை உடனிருந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவுக்கும் நன்றி. அவர் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவை மறந்துவிட்டுப் போனோமே என்று தங்கை இன்றைக்கும் அழுகிறாள். என்னைத் தூங்க விடாதது வேறு. மேட்டில் நின்று பார்த்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது, அவசரம் ஒன்றும் இல்லை, அக்கா என்னைப் பார்க்கவும் இல்லை. டீக்கடைக்கு ஒரு போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, மணலில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அக்கா, விட்டுவிட்டுப் போனதற்கு நீங்கள் அன்றைக்கே எங்களை மன்னித்துவிட்டீர்கள். உங்களைக் கூப்பிட்டதற்கு என்னை மன்னியுங்கள்.