உண்டியலில் விழுந்த விமானம்

“இங்கே நாங்கள் சும்மா இருக்கிறோம். விமானங்களும் சும்மா நிற்கின்றன. தபசுக்கு லீவு கிடைக்காது. அம்மாவிடம் எதையும் உளறி வைக்காதே.”

நீல நிற இன்லண்டு கடிதம். எழுதியவன் கோமதிநாயகம், பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். அப்போது வடக்கே ஒரு விமானப்படைப் பயிற்சி நிலையத்தில் விமானியாகப் பயின்றுகொண்டிருந்தான். கடிதத்தில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையிலும் வருடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைத்தீற்றல்தான் இருக்கிறது. பால்காரர் வராத நாளைக்கூடக் காலண்டரில் குறித்து வைக்கிற எனக்கு, தேதி போடத் தெரியாத ஒருவன்தான் உயிர் நண்பனாக வாய்த்தான்.

ஆனாலும் வருடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கடிதத்தின் ஓரத்தில், “தங்கத்தைப் பிளேனில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புகிறார்களாமே, பேப்பரில் பார்த்தாயா?” என்று பொடி எழுத்தில் கேட்டிருக்கிறான். நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், தங்கத்தை அடகு வைக்க வேண்டி வந்தது 1991இல். ஆகவே அவன் சொன்ன தபசு, எங்கள் ஊரில் அந்த வருடம் நடந்த ஆடித்தபசுத் திருவிழாதான். இப்படி நிரூபித்ததில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? உங்களிடம்தான்.

கடிதத்தைத் தேடி எடுக்கக் காரணம் போன வாரம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த நாட்களில் நான் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பேருந்துக் கம்பெனியில் புக்கிங் கிளார்க். திருவேங்கடம் போகிற வண்டி, பனவடலிசத்திரம் வழியாகப் போகிற வண்டி, எல்லாம் எங்கள் ஆபீஸ் வாசலில்தான் வந்து நிற்கும். டீசல் வாடை சட்டையிலேயே குடியிருந்தது. வாடை என்றதும் நாயகத்தின் அம்மா சண்முகத்தாய் ஞாபகம் வருகிறார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். திருவேங்கடம் பக்கம் கரிசல் காடு உண்டு, ஊருக்குள் சொந்த வீடு உண்டு, பிள்ளை ஒன்றே ஒன்று. அந்த ஒன்று ஆகாயத்துக்குப் போய்விட்டது.

முதல் தடவை லீவில் வந்தபோது அவன் சட்டைகளை ஊறவைத்த அத்தை, ஒன்றை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்.

“ஏலே, அங்கன உன்னைய ரேஷன் கடையிலயா போட்டுருக்கான்? சட்டை பூராவும் மண்ணெண்ணெய் நாறுது.”

ஜெட் விமானத்துக்கு ஊற்றுகிற எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான் என்று அவன் சொல்லியிருக்கிறான். அத்தை கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுப்பில் ஊற்றினாலே பற்றிக்கொள்கிற சாமான். அதன்மேல் உட்கார்ந்துகொண்டு பிள்ளை வானத்தில் போகிறான். அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லை. அந்தக் கலக்கத்தோடு ஒரு நாள் எங்கள் ஆபீஸுக்கு வந்து, “மக்கா, ஒரு எட்டு எங்கூட வா. உனக்குப் படம் வரையத் தெரியும்லா?” என்றார்.

எங்கள் ஊர்க் கோயில் வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் பாம்பு வந்தால், தேள் கொட்டினால், கோயில் வாசலில் விற்கும் சின்னத் தகடு ஒன்றை வாங்கி உண்டியலில் போடுவார்கள். பாம்புக்குப் பாம்பு உரு, தேளுக்குத் தேள் உரு. எதைக் கண்டு பயமோ அதைத் தகட்டில் அடித்து அம்பாளிடம் ஒப்படைத்துவிட்டால், அது அப்புறம் நம்மை அண்டாது. பிறகு கோயில் பிரசாதமான புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அத்தை நேராகத் தகடு அடிக்கும் ஆசாரியின் கடைக்குப் போய், “ஒரு ஏரோப்ளேன் குடும்” என்றார்.

ஆசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “யம்மா, தேளு கேளு, பூரான் கேளு, நட்டுவாக்காலி வேணும்னாலும் இருக்கு. ஏரோப்ளேனு யாரைக் கடிச்சுது?”

“இனிமே கடிக்கக் கூடாதுன்னுதான் கேக்கேன்.”

அச்சு இல்லாததால் நான் வரைந்து கொடுத்தேன். என் ஓவியத் திறமை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தம்பி, இது சீலா மீனா?” என்று கேட்டார். கடைசியில் வாலைக் கொஞ்சம் தூக்கி, இறக்கையை அகட்டி, வெள்ளித் தகட்டில் அவரே ஒரு மாதிரி கொண்டுவந்துவிட்டார். அத்தை அதைக் கண்ணில் ஒற்றி, உண்டியலில் போட்டார். அவருடைய வேண்டுதல் எனக்குக் கேட்கும்படியாகவே இருந்தது. “எம்புள்ள தரையில நின்னு செய்யுத வேலை எதுனாலும் சரி. மேல மட்டும் வேண்டாம் தாயே.”

நாயகத்திடம் நான் இதைச் சொல்லவில்லை. அவன் தன் சங்கதியை அம்மாவிடம் சொல்லாதே என்கிறான். அவர் தன் சங்கதியை அவனிடம் சொல்லாதே என்கிறார். தபால்பெட்டிபோல இருபக்கமும் வாங்கிக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

தபசு முடிந்து சில மாதங்களில் நாயகம் வந்தான். விமானி பயிற்சியிலிருந்து அவனை விலக்கித் தரைப்பணிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

அத்தை அன்றைக்கே மாவிளக்கு எடுத்தார். தெருவுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் போனது. நாயகம் என் ஆபீஸுக்கு வந்து, டிக்கெட் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“என்னலே ஆச்சு?” என்று கேட்டேன்.

“உங்க கம்பெனில ஸ்பேர் இல்லன்னா என்ன செய்வீய?”

“ஷெட்டுல நிக்க ஒரு வண்டியில கழத்தி இன்னொண்ணுல மாட்டுவோம்.”

“அதேதான் அங்கனயும். துட்டு வெட்டிட்டான்லே. வெளிய இருந்து சாமான் வாங்க டாலர் இல்ல. ரஷ்யாக்காரன் வீட்டுலயே இப்பம் அடிதடி, அங்க இருந்து வர வேண்டியதும் வரல. அஞ்சு பிளேன் நின்னா ரெண்டைப் பிரிச்சு மூணை ஓட்டுதான். அந்த மூணும் எங்களுக்கு இல்ல, மேல் வகுப்புக்காரனுக்கு. எண்ணெயும் அளந்துதான் ஊத்துதான்.”

பிறகு அவன் சொன்னதுதான் முக்கியம். பறக்கப் பழகுவது சைக்கிள் பழகுவது மாதிரி இல்லையாம். ஆரம்பத்தில் கைக்கு வருகிற பதம் தினமும் பறந்தால்தான் நிற்கும். நடுவில் விட்டால் ஓடிவிடும். அவனுடைய குழுவை வாரக்கணக்கில் தரையில் உட்கார வைத்தார்கள். வகுப்பறையில் மரப்பலகையில் வரைந்த கருவிகளைத் தொட்டுத் தொட்டுப் பழகினார்கள். ஒரு நாள் திடீரென்று, உன் முறை என்று கூப்பிட்டு, பரிசோதகரைப் பின்னால் உட்கார வைத்து அனுப்பினார்கள். மேலே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறங்கும்போது கை ஒரு நொடி பிந்தியது. மறுமுறை கொடுத்தார்கள், அதற்கும் நீண்ட இடைவெளி. மறுபடியும் பிந்தியது. மூன்றாவது முறை கொடுக்க எண்ணெய் இல்லை. பரிசோதகர் நல்ல மனிதர். “உன் கையில் குறை இல்லை, உன் காலண்டரில் குறை” என்று இங்கிலீஷில் சொன்னாராம்.

“காலண்டர்ல குறைன்னு சொன்னா நீதான் சந்தோஷப்படுவே. அதான் உங்கிட்ட சொல்லுதேன்” என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அந்த லீவு முழுவதும் அவன் மேலே பார்க்கவே இல்லை. எங்கள் ஊர் வானத்தில் எப்போதாவது ஒரு விமானம் வெள்ளைக்கோடு இழுத்துக்கொண்டு போகும். தெருவே அண்ணாந்து பார்க்கும்போது அவன் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்வான். அத்தை அதைக் கவனித்துவிட்டார். அவன் சட்டையை ஊறவைக்கும்போது முகர்ந்தும் பார்த்திருக்கிறார். வெறும் சோப்பு வாடைதான் இருந்தது.

அவன் வடக்கே திரும்பியதும் அத்தை என்னிடம் வந்தார். முகம் இருண்டு கிடந்தது.

“நாந்தாம்லே கெடுத்துட்டேன். அம்பாள்ட்ட நாந்தான கேட்டேன்.”

பதறிப்போய் வீட்டிலிருந்து நான் வெட்டிச் சேர்த்திருந்த பத்திரிகைத் துண்டுகளை எடுத்து வந்தேன். ராணுவச் செலவைக் குறைத்த செய்தி, செலாவணி நெருக்கடி, சோவியத் குழப்பம் என்று ஒவ்வொன்றையும் தேதி வாரியாக வாசித்துக் காட்டினேன். “அத்தை, இது உங்க தகட்டுனால இல்ல. நாட்டுல துட்டு இல்ல. தங்கத்தையே அடகு வச்சிருக்கான், பாத்துக்கிடுங்க” என்றேன்.

அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தங்கத்தை ஏத்திட்டுப் போக மட்டும் பிளேன் இருந்துதோ? எம்புள்ளைய ஏத்த இல்லியோ?”

துண்டுகளைத் தேதி வாரியாகவே அடுக்கி உறைக்குள் போட்டேன்.

அவருக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. போட்ட தகட்டைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். கோயில் ஆபீஸில் போய்க் கேட்டார். அங்கிருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “யம்மா, உண்டியல்ல விழுந்தது சாமி சொத்து. பாம்பைப் போட்டவன் எவனாச்சும் பாம்பைத் திருப்பிக் கேட்டுருக்கானா?” என்றார்.

“பாம்பு மேல யாராச்சும் ஆசைப்படுவாகளா? இது மேல எம்புள்ள ஆசைப்பட்டான்வே.”

குமாஸ்தா தணிந்த குரலில், அடுத்த உண்டியல் திறப்புக்குத் தொண்டு செய்ய ஆள் வேண்டும், விருப்பம் இருந்தால் வரலாம் என்று மட்டும் சொன்னார்.

அத்தை போனார். நானும் துணைக்குப் போனேன். ஆனால் தொண்டர் பட்டியலில் என் பெயர் இல்லாததால் மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தகடுகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாம்பாளத்தில் குவியலாகப் பாம்புகள், தேள்கள், கண்கள், கைகள், கால்கள். அத்தை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வைத்தார். பக்கத்திலிருந்தவர், “என்ன மயினி, அரிசியில கல்லு பொறுக்குத மாதிரி பாக்கிய?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மத்தியானம் வெளியே வந்தார். எதையும் எடுத்துப் போகவில்லை என்று வாசலில் வழக்கப்படி முந்தானையை உதறிக் காட்டினார். அப்புறம் தனியாகப் புற்றடிக்குப் போய்விட்டு, வலது கையை மூடியபடி வந்தார்.

“கிடைச்சுதா அத்தை?”

“ஊர்ப் பயம் பூராவும் அங்கன குமிஞ்சு கிடக்குலே. அதுல நம்ம பயத்த எங்க தேட?”

“கையில என்ன?”

“புத்துமண்ணு” என்றார். இடது கையில் கொஞ்சம் எடுத்து என் நெற்றியில் பூசினார். வலது கை மூடியே இருந்தது. அன்றிலிருந்து அவர் அந்தத் தகட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அழவும் இல்லை.

நாயகத்துக்கு அப்புறம் அமைந்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். விமான உதிரி பாகங்களின் கிடங்கு. எந்தச் சாமான் இல்லாமல் தான் இறங்க நேர்ந்ததோ அதைத் தேடித் தேடிப் பிறருக்குக் கொடுப்பதிலேயே அவன் உத்தியோகம் கழிந்தது. ஒரு திருகாணிக்காக ஒரு பையன் காத்திருக்கக் கூடாது என்று ஆலாய்ப் பறப்பானாம். அதற்குப் பிறகு அவன் பறந்தது அவ்வளவுதான். அத்தை கண்ணை மூடுவதற்குச் சில நாள் முன்பு அவனிடம் தகட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறார். அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “யம்மா, நீ போட்ட ஒரு தகட்டுக்கு ரஷ்யாவே உடைஞ்சு போச்சா? சும்மா கிட” என்று சிரிக்க வைத்தானாம்.

அந்தச் சிரிப்புக்காரன்தான் போன வாரம் என்னைக் கூப்பிட்டான். அவன் மகள் பிரியா, பாட்டியின் ஜாடை, இப்போது விமானி பயிற்சியில் இருக்கிறாள். பழைய விமானங்களுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்; புதியவை வந்து சேரத் தாமதமாகிறது; பயிற்சி விமானங்களும் போதவில்லை. இதெல்லாம் நானும் பேப்பரில் படிக்கிறதுதான். அவள் குழு சில வாரங்களாகத் தரையில் இருக்கிறதாம்.

“‘சும்மா இருக்கோம்ப்பா, பிளேனும் சும்மா நிக்கு’ங்கா பிரியா. நான் எழுதின வார்த்தைலா அது?” என்றான். பிறகு கேட்டான்: “ஏலே, எங்கம்மா அந்தத் தகட்டை எடுத்தாளா இல்லியா? நீ கூட இருந்தல்லா?”

“நீதாம்லே சிரிச்சே அதுக்கு.”

“எனக்கு நடந்தப்பம் காரணம் தெரியும், சிரிச்சேன். இப்பமும் காரணம் தெரியும். சிரிப்பு வரலவே. எடுத்துருந்தா அந்த வேண்டுதல் எங்கூட முடிஞ்சுபோச்சு. எடுக்கலன்னா அது இன்னும் அங்கன கிடக்குல்லா?”

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போனேன். அந்தக் குமாஸ்தா இல்லை. ஆசாரியின் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். உண்டியல் தகடுகளை அவ்வப்போது உருக்கிவிடுவார்கள் என்றார் ஒருவர். எந்த வருடத்துத் தகடு எப்போது உருகியது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. எங்கள் பேருந்துக் கம்பெனி போய்விட்டது. இன்லண்டு கடிதம் போடுவாரும் இல்லை. கோயில் வாசல் கடைகளில் இப்போது விமானத் தகடு அச்சில் அடித்துச் சரம் சரமாகத் தொங்குகிறது. விசா கிடைக்க, வெளிநாட்டில் வேலை கிடைக்க வாங்கிப் போடுகிறார்களாம். “பயத்துக்கு யாரும் வாங்குதாங்களா?” என்று கேட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, “ஏரோப்ளேனுக்கு எதுக்கு அண்ணாச்சி பயப்படணும்?” என்றாள்.

ஒன்று வாங்கினேன். பிரியாவின் பெயரைச் சொல்லிப் போடலாம் என்றுதான். உண்டியல் முன்னால் நின்றபோது, இது ஆசைக்காகப் போடுகிறேன் என்று அம்பாளிடம் எப்படிப் பிரித்துச் சொல்வது என்று தெரியவில்லை. தகடு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

நாயகத்துக்கு நான் எழுதியிருக்கும் பதில் இது. அவனைப் போல இல்லாமல் தேதி போட்டே எழுதியிருக்கிறேன். உண்டியல் திறந்த அன்று உன் அம்மா மண்டபத்துக்குள் போனது உண்மை, நான் பார்த்தேன். முந்தானையை உதறியது உண்மை. வலது கையை வீடு வரைக்கும் திறக்காமல் வந்ததும் உண்மை. அந்தக் கைக்குள் மண் மட்டும்தான் இருந்ததா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.