பூ விழுந்த பக்கம்

கப்பலில் வந்த பேப்பர்க் கட்டின் இரும்புப் பட்டையை வெட்டியதும் குப்பென்று ஒரு வாடை எழும். ஊறிய காகிதம், அச்சு மை, உப்புக் காற்று, எங்கோ உள்ளே நசுங்கிக் காய்ந்துபோன எலி, எல்லாம் சேர்ந்த அந்த வாடை எங்கள் அம்மாவின் சேலையிலும் தலைமுடியிலும் ஏறி, ராத்திரி அவள் பக்கத்தில் படுக்கும்போது என் மூக்குக்கும் வந்துவிடும். அன்னூர் ரோட்டில் இருந்த ஒரு சிறிய காகித மில்லில் அம்மாவுக்குத் தரம் பிரிக்கிற வேலை. வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய காகிதக் கட்டுகளை அங்கே "பேல்" என்பார்கள். பேலைப் பிரித்துக் கொட்டகைத் தரையில் கொட்டிவிட்டால் பத்துப் பதினைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து, வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம், பளபளப்பு ஒரு பக்கம் என்று பொறுக்கிப் போடுவார்கள். மீதி வேலையைக் கூழ்த் தொட்டி பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. சித்தப்பாமார் ரெண்டு பேரும் பண்ணையத்தில் மாடு மேய்த்து வளர்ந்தவர்கள். அதனால் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் அந்தக் கொட்டகையில் கிட்டத்தட்ட கலெக்டர் மாதிரி. சனிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குச் சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு போனால், பெண்கள் எதையாவது நீட்டி, "அம்மணி, இதுல என்ன போட்டிருக்குது, படிச்சுச் சொல்லு கண்ணு" என்பார்கள். சோப்பு விளம்பரம், மாத்திரை டப்பா, கோட்டுப் போட்ட துரை ஒருவரின் படம், எதுவாக இருந்தாலும் நான் படிப்பேன். பாதி புரியும், பாதியைப் புரிந்த மாதிரி சொல்வேன். "என்ற பிள்ளைக்கு இங்கிலீசெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று அம்மா சொல்லும்போது தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை.

ஒரு சனிக்கிழமை பூங்கொடி அக்கா ஒரு தடித்த சின்னப் புத்தகத்தை முந்தானையில் மறைத்துவைத்திருந்து என் மடியில் போட்டாள். அம்மாவுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் அவள். இருபது வயசு இருக்கும், சிரித்தால் ஈறு தெரியும். புத்தகம் முழுக்கக் கோட்டுப் படங்கள். ஒரு பெண், ஒரு பையன். கட்டம் கட்டமாகப் படம், படத்துக்குள் முட்டை முட்டையாக வட்டம், வட்டத்துக்குள் எழுத்து. அந்த எழுத்து தமிழுமில்லை, இங்கிலீசுமில்லை. குச்சிகளை ஒடித்துக் குவித்தாற்போல் இருந்தது. ஜப்பானோ சீனாவோ என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு வெளிநாட்டு எழுத்தெல்லாம் இங்கிலீசு. நானும் அதை அப்படியே விட்டுவிட்டு, எல்லாப் புத்தகத்தையும் திறப்பதைப் போல இடது பக்கமாக அட்டையைத் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் பக்கத்தில் அந்தப் பெண் கையில் பெட்டியுடன் ரயில் நிலையத்தில் தனியாக நிற்கிறாள். "வெளியூர்லிருந்து வந்து எறங்கியிருக்கறா" என்றேன். அடுத்து ஒரு ஆஸ்பத்திரி அறை, காலியான கட்டில், மேசையில் பூ. எனக்குப் புரியவில்லை.

"கட்டிலு காலியாக் கெடந்தும் இன்னும் பெட்டுக் குடுக்கல போலிருக்குது" என்றாள் மருதாயக்கா. கொட்டகையிலேயே மூத்தவள், வாய்க்கு வெற்றிலையும் பேச்சும் ஒருசேரக் கிடைக்கிறவள். "நம்ம பெரியாசுபத்திரி கதைதான் அங்கியும்."

பிறகு பையன் கண்ணை மூடிப் படுத்திருக்கிறான், அவள் கையைப் பிடித்து அழுகிறாள். பிறகு கண்ணைத் திறக்கிறான். எழுந்து உட்காருகிறான். பிறகு தெருவில் மழையில் இருமிக்கொண்டு நடக்கிறான், பிறகு இருமலும் இல்லை. அவளை சைக்கிளில் வைத்து மிதிக்கிறான். சண்டை போடுகிறார்கள், சேருகிறார்கள். நான் முடித்த பக்கத்தில் பெரிய மரத்தடியில் ரெண்டு பேரும் எதிரெதிரே நின்று குனிந்து வணங்குகிறார்கள், சுற்றிலும் ஆட்கள், மேலேயிருந்து பூவாகக் கொட்டுகிறது.

"கல்யாணம்!" என்று பூங்கொடி அக்கா கையைத் தட்டினாள்.

"மூஞ்சில பாதிக்குக் கண்ணு, எருமைக்கன்னாட்டம்" என்றாள் மருதாயக்கா. "அதென்ன கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரையெல்லாம் ஒரே துணி போட்டிருக்குது?"

"அவங்க ஊர் வழக்கமுங்க்கா" என்றேன் கொஞ்சமும் தயங்காமல். அது பள்ளிச் சீருடை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஜப்பான் பாஷை வேண்டியதில்லை. நானும் சீருடை போட்டவள்தான். ஆனால் மேலேயிருந்து பூ விழுந்தால், எங்களுக்கு அது கல்யாணமாகத்தான் இருக்க முடியும்.

பூங்கொடி அக்கா அந்தக் கதையை அப்படிப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் அவளுடைய அத்தை மகன் முருகேசனுக்கும் பூ வைத்து நிச்சயமாகியிருந்தது. முருகேசன் கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தவர். ஆடி போய் ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று இருந்தபோது காலும் முகமும் வீங்கி, பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டார்கள். ரெண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்றார்கள். போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அக்கா துடித்தாள். அவளுடைய அப்பா விடவில்லை. "பூத்தான் வெச்சுது, தாலி ஏறல. சீக்காளிகோட போயி உக்கோந்தீன்னா நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?" என்று அவர் மில் வாசலிலேயே நின்று கத்தியதை நானும் கேட்டிருக்கிறேன். ஒருநாள் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டாவது பஸ் ஏறிவிடுவேன் என்று அவள் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதை வந்த பிறகு அவள் அதைச் சொல்வதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பையன் கண் திறக்கிற இடம் வந்தால் கையிலிருக்கும் காகிதத்தைக் கீழே போட்டுவிடுவாள். நானும் உற்சாகத்தில் அந்த முட்டைகளுக்குள் இல்லாத வசனமெல்லாம் சேர்த்தேன். "என்னை நம்பு, நான் எந்திரிச்சு வருவேன்" என்று அவன் சொல்வதாக எழுதியிருப்பதாகப் படித்தேன். அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "வருவான், எந்திரிச்சு வருவான்" என்று யாருக்கோ பதில் சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்கு வர ஆரம்பித்தாள். ஏனென்று அம்மா கேட்டதற்கு, "அது எந்திரிச்சு வந்தப்பறம் தனி ஊடு பாக்கோணுமில்லீங்க்கா, நாலு பாத்திரம் வாங்கோணுமில்ல" என்றாள்.

தீபாவளி கழிந்த வாரம் முருகேசன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். நிச்சயமானதற்குப் பிறகு அக்கா அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள்.

அவள் வேலைக்கு வராமலிருந்த நாட்களில் அந்தப் புத்தகம் என் பையிலேயே கிடந்தது. வகுப்பில் பெருமைக்காக ஒருநாள் அதை வெளியே எடுத்தேன். என் பெஞ்சில் கவிதா என்று ஒரு பெண். அவள் அப்பா மில்களுக்கு மிஷின் வாங்கித் தரும் வியாபாரத்தில் இருந்தவர், ஜப்பானுக்கெல்லாம் போய் வந்தவர். நான் கதையைப் பாதி சொல்லும்போதே அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏ பேப்பர் மில்லு, இதைப் பின்னாலிருந்துல்ல படிச்சிட்டிருக்கறே! அவங்க புஸ்தகம் வலது பக்கம்தான் ஆரம்பிக்கும். எங்கூட்டுல ஒண்ணு இருக்குது. கீழ நம்பர் போட்டிருக்குது பாரு, அதுகூடவா உனக்குப் படிக்கத் தெரியாது?"

நம்பர் இருந்தது. பக்கத்தின் ஓரத்தில், பொடியாக, நாம் எழுதுகிற அதே ஒன்று ரெண்டு மூன்று. நான் முதல் பக்கம் என்று திறந்த இடத்தில் இருநூறுக்கு மேல் ஒரு எண், பூக் கொட்டும் இடத்தில் ஒற்றை இலக்கம். கணக்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவள் இத்தனை சனிக்கிழமையும் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குக் கூசினேன்தான். ஆனால் பக்கங்களைச் சரியான வரிசையில் மனசுக்குள் திருப்பத் திருப்ப, பையன் சைக்கிளிலிருந்து இறங்கி, இருமி, படுத்து, கண்ணை மூடி, கட்டில் காலியானபோது, பெஞ்சின் சிரிப்பு எனக்குக் கேட்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வேலைக்கு வந்திருந்தாள். முகம் வற்றியிருந்தது. நான் போசியைக் கீழே வைத்தவுடன், "அந்தப் புஸ்தகம் வெச்சிருக்கறியா கண்ணு? முழுசும் வேண்டாம். அந்தப் பூ உழுகற பக்கத்தை மட்டும் காட்டு. அவங்களாவது நல்லா இருக்கட்டும்" என்றாள்.

காட்டியிருக்கலாம். ஒரு பக்கம்தானே. புத்தகத்தை எடுத்துவிட்டேன், விரலும் அந்தப் பக்கத்துக்குள் போய்விட்டது. ஆனால் அழுகை வந்துவிட்டது. "அது கடைசிப் பக்கம் இல்லீங்க்கா, மொதப் பக்கம். நான் திருப்பிப் படிச்சுப்போட்டேன். அந்தப் பையன் பொழைக்கல. அது இங்கிலீசே இல்லீங்க்கா, எனக்கு அதுல ஒரு எழுத்துக்கூடத் தெரியாது" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

முதலில் பேசியது அம்மாதான். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "அப்போ இத்தனை நாளா நீ படிக்கவே இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாகியும் பேச எந்த மேடையில் ஏறினாலும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

பூங்கொடி அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தை நாலாய், எட்டாய் மடித்தபடியே, "அது பொழைக்காதுன்னு தெரிஞ்சிருந்தா அப்பன்கிட்டச் சண்டை போட்டாவது போயிருப்பேன். ஒரு வாரம் கோட இருந்திருப்பேன்" என்றாள். என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே கூழ்த் தொட்டிக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

மருதாயக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அக்காவின் தோளைத் தொட்டு, "போச்சாது உடு அம்மணி, பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றாள். அக்கா நிமிர்ந்தாள். "செரி. இப்ப நேராப் படி" என்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க்கா."

"தெரிய வேண்டாம். பக்கத்தைத் திருப்பு, நாங்க பாத்துக்கறோம்."

வலது பக்கமிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பெண்கள் தலைகளை நீட்டிப் பார்த்தார்கள். பூ கொட்டியது, அது கல்யாணமல்ல, முதல் சந்திப்பு. சைக்கிள் வந்தது. மழை வந்தது. இருமல் வந்ததும் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் கண்ணை மூடிய பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். காலிக் கட்டில் வந்தபோது, "போதும், மூடிரு" என்றாள் அம்மா.

"இருங்க்கா, இன்னொரு பக்கம் இருக்குது" என்று அக்கா என் கையைப் பிடித்து அதைத் திருப்பவைத்தாள்.

ரயில் நிலையம். பெட்டி. அந்தப் பெண்.

"அப்பன் ஊட்டுக்குப் போறா, பாவம்" என்றாள் மருதாயக்கா.

"அப்பன் ஊட்டுக்குப் போறவ மூஞ்சியாக்கா இது?" என்றாள் பூங்கொடி அக்கா. "கண்ணுல தண்ணியில்ல. தலை சீவியிருக்கறா. எங்கியோ சோலிக்குப் போறா."

"ரயிலே தெரியல, போறாளாம். உனக்கும் இந்தப் பிள்ளையாட்டம் கதை உடத் தெரிஞ்சுபோச்சா?"

அந்தப் பேச்சில் நான் மீண்டும் குறுகினேன். அக்கா விடவில்லை. "செத்தவனோட கதை முடியோணும்னா, படம் போட்டவன் அந்தக் காலிக் கட்டில்லயே முடிச்சிருப்பான். அதுக்கப்பறமும் உக்கோந்து ஒரு பக்கம் போட்டிருக்கறான் பாருங்க. எதுக்குப் போட்டான்? வேலையத்தா போட்டான்?"

சங்கு ஊதியது, வேலைக்குத் திரும்பினார்கள். நான் அந்தப் புத்தகத்தைக் கலர்க் காகிதக் குவியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. அடுத்த தை கழிந்து பூங்கொடி அக்கா வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனாள் என்று அம்மா சொன்னாள். தன் அப்பாவிடம் சொல்லாமல் போனாளாம்.

அதன்பிறகு அம்மா என் படிப்பைப் பற்றி யாரிடமும் பெருமை பேசியதில்லை. பட்டம் வாங்கி வந்த அன்று அந்தக் கெட்டித் தாளைத் தடவிப் பார்த்து, "இதுல எழுதியிருக்கறது பூராவும் உனக்குத் தெரியுமில்ல கண்ணு?" என்றாள். தெரியும் என்றேன். நம்பினாளா என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மில் இப்போது இல்லை. அந்த இடத்தில் வீட்டு சைட் போட்டு, வண்ணக் கற்கள் நட்டிருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து காகிதம் பொறுக்குகிற பெண்கள் கூட்டத்தை நான் எங்கும் பார்ப்பதில்லை. மருதாயக்காவும் அம்மாவும் போய்விட்டார்கள். அந்தப் புத்தகத்தின் பேர் என்ன, எழுதியவர் யார் என்று தேடிக் கண்டுபிடிக்க இன்றைக்கு வழியிருக்கலாம். நான் தேடவில்லை.

போன வருஷம் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு விசேஷத்தில் பந்திக்குக் காத்து நிற்கும்போது ஒரு அம்மாள் என் கையைப் பிடித்தார். சிரித்ததும் ஈறு தெரிந்தது. திருப்பூரில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருப்பதாகவும், ஒரு பெண் நர்சிங் படிப்பதாகவும் சொன்னார். என்னை "நீங்க" என்று அழைத்தார். எனக்கு அது தாங்கவில்லை. இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று, "அக்கா, அன்னைக்கு நான் மட்டும் ஒழுங்காப் படிச்சிருந்தா" என்று ஆரம்பித்தேன்.

"அட, உடுங்க" என்றார். "அன்னைக்கு நீங்க அந்தப் பையன் பொழைக்க மாட்டான்னு சொல்லியிருந்தா மட்டும் நான் நம்பியிருப்பனாக்கும்?"

அது உண்மையா, என் மனசு நோகக் கூடாதே என்பதற்காகச் சொன்னதா, தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.